காலாண்டுச் செய்திகள், அப்புறம் நம் மரத்தரை

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்களும் உங்கள் கைக்கு வந்துவிட்டன. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கணக்கில் சிலர் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும், அதை வகுப்பாசிரியர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். கொலு நன்றாக நடந்தது. பேச்சு, ஓவியம், கூடைப்பந்து என்று பரிசுகளும் வந்திருக்கின்றன, பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் உள்ளரங்கின் மரத்தரையில் ஒற்றையடிப் பாதை ஒன்று விழுந்திருக்கிறது. கிழக்கு வாசலில் தொடங்கி, கூடைப்பந்துக் களத்தின் நடு வட்டத்தைத் தாண்டி, மேற்கு வாசல் வரைக்கும் பளபளப்பு போய் மங்கலான ஒரு தடம். மாலை வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகள் விளையாடித் தேய்ந்தது இல்லை அது, விளையாடித் தேய்ந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தொடக்கப்பள்ளிக் கட்டடத்துக்கு அதுதான் குறுக்குவழி. மேலே கூரை இருக்கிறது, ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது, பிள்ளையை அழைக்க வருகிறவர்கள் நனையாமல் போகலாம் என்று அதற்குள் நுழைந்து நடக்கிறார்கள். எனக்குப் புரிகிறது. நானே ஒரு நாள் அப்படிப் போகப் பார்த்தேன், பி.டி. சார் வாசலில் நின்று என் செருப்பையே பார்த்தார், சுற்றிக்கொண்டு போனேன்.

தண்ணீரைவிட மணல்தான் முதல் எதிரி. மழைக்காலத்தில் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் மணல், உப்புத்தாள் போலத் தரையைத் தேய்க்கிறது. பலகைக்கு மேலே பாலியூரித்தேன் பூச்சு ஒன்று இருக்கிறது, அது தேயும்வரை பரவாயில்லை, லேசாகத் தேய்த்து மறுபூச்சு கொடுத்துவிடலாம். பூச்சைத் தாண்டி மரம் தேய்ந்தால்தான் கஷ்டம், முழுத் தரையையும் இழைக்க வேண்டும். பலகையின் கனமே சுமார் 20 மில்லிமீட்டர், அதிலும் பலகைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் காடிக்கு மேலே உள்ள பகுதியை மட்டும்தான் இழைக்க முடியும். அதனால் ஒரு தரையை அதன் ஆயுளில் சில தடவைகள்தான் இப்படிப் புதுப்பிக்கலாம், அதில் ஒன்றைக் குறுக்குவழிக்குச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

அடுத்தது ஈரம். போன வருடம் ஒரு தாத்தா, சுவரோரம் இடைவெளி விட்டிருக்கிறார்களே, ஆசாரி அளவு தெரியாமல் வேலை பார்த்துவிட்டாரா என்று கேட்டார். வேண்டுமென்றே விட்டது ஐயா அது. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும். நம் பலகை ஒன்றின் அகலம் 57 மில்லிமீட்டர், அரங்கின் 15 மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 260 பலகைகள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உப்பினாலே மொத்தமாக ஒரு அங்குலம் வந்துவிடும், அந்த ஒரு அங்குலம் எங்காவது போயாக வேண்டும் இல்லையா. சுவரோரம் இடமில்லை என்றால் நடுவில் தூக்கிக்கொள்ளும். ஆயாம்மா முன்பு வாளித் தண்ணீரில் பினாயில் ஊற்றித்தான் துடைப்பார்கள், இப்போது காலையும் மாலையும் அகலமான உலர் துடைப்பான்தான். அப்படித் துடைத்ததில் போன வாரம் ஒரே நாளில் ஒரு டம்ளர் மணல் சேர்ந்தது, எனக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.

இவ்வளவு தொந்தரவு பிடித்த தரை எதற்கு, சிமெண்ட் போட்டு பெயிண்ட் அடித்தால் போதாதா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை எம்பிக் குதித்துக் கீழே வரும்போது காலில் விழும் அடி அவன் எடையைப் போலப் பல மடங்கு. சிமெண்ட் அதை அப்படியே முழங்காலுக்குத் திருப்பி அனுப்பிவிடும். மரத்தரைக்குக் கீழே சட்டங்களும் ரப்பர் மெத்தைகளும் இருக்கின்றன, தரை சில மில்லிமீட்டர் அமுங்கி அந்த அடியில் ஒரு நல்ல பங்கை வாங்கிக்கொள்கிறது. தரை அமுங்கினாலும் பந்து சரியாக எழும்ப வேண்டும், கால் வழுக்கவும் கூடாது, ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. உலகப் போட்டிகளில் கைப்பந்தை மரத்தரையிலோ செயற்கைத் தரையிலோ மட்டும்தான் ஆடலாம் என்று விதியே இருக்கிறது. தேக்கு போட்டிருக்கலாமே என்பார்கள். தேக்கு கரையானுக்கும் தண்ணீருக்கும் தாங்கும், உண்மைதான். ஆனால் நம் தரையில் இருக்கும் வட அமெரிக்க மேப்பிள் மரம் தேக்கைவிடக் கடினமானது, வெளிர்நிறம் என்பதால் கோடும் பந்தும் பளிச்சென்று தெரியும். கரையானுக்கும் ஈரத்துக்கும் மட்டும் அது நோஞ்சான்.

பி.டி. சார் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் கூடைப்பந்து முதல்முறையாகப் பதக்கப் போட்டியாக நடந்தது, அதுவும் திறந்தவெளி மண் டென்னிஸ் களத்தில். இறுதிப் போட்டியன்று மழை. சேற்றில் பந்தைத் தட்டி ஓட்டவே முடியவில்லை. அமெரிக்கா கனடாவை வென்றது, எத்தனை புள்ளி தெரியுமா, 19க்கு 8. ஈரத் தரையில் ஆட்டம் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

போன வாரம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தத் தடத்தில்தான் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. யாரோ நடந்துபோன ஈரம் காய்ந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள். அன்று மாலை வாசலில் தடுத்த வாட்ச்மேன் அண்ணனிடம் ஒருவர், "ஃபீஸ் கட்டியிருக்கேன்ல, நடக்கக்கூடாதா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். நீங்கள் கட்டும் கட்டணத்தில்தான் இந்தத் தரை வந்தது, இது தேய்ந்தால் அடுத்ததும் அதிலிருந்துதான் வர வேண்டும். வாட்ச்மேன் அண்ணன் என் சொல்படி நின்றவர், கோபமிருந்தால் என் அறைக்கு வாருங்கள். திங்கட்கிழமை முதல் மாலை 3.30க்கு இரண்டு வாசலும் பூட்டப்படும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் உள்ளே வந்த பிறகுதான் தனி ஷூ போட வேண்டும், தெருவில் போட்டு நடந்த ஷூவோடு வந்தால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். விலை உயர்ந்தது வேண்டாம், கறை படியாத நான்-மார்க்கிங் ஷூ போதும். கடையில் ஒரு வெள்ளைத் தாளில் அடிப்பகுதியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கருப்புக் கோடு விழுந்தால் வேண்டாம்.

விழாக்களுக்கு வரும்போது குதிகால் உயர்ந்த செருப்பையும் தவிர்த்துவிடுங்கள். 60 கிலோ எடையும் ஒரு சதுர சென்டிமீட்டர் முனையில் இறங்கினால், அந்த இடத்தில் விழும் அழுத்தம் கோயில் யானையின் பாதம் கொடுப்பதைவிட அதிகம். யானையை உள்ளே விட்டால் பலகை தாங்காது, அது வேறு விஷயம்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆயுத பூஜையன்று அரங்கில் ஈர மாக்கோலம் போட அனுமதித்தது நான்தான், குத்துவிளக்கு எண்ணெய் சொட்டிய கறை இன்னும் போகவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டதும் எங்கள் ஆட்கள்தான். இனி பூஜை வெளி முற்றத்தில். அரையாண்டு விடுமுறையில் மறுபூச்சு வேலை நடக்கும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் சொல்லாமலே புரிந்து நடந்துகொள்கிறீர்கள், அதற்கு நன்றி. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா அவன் ஷூவை மஞ்சப்பையில் போட்டு அனுப்ப, இப்போது அந்த வகுப்பில் பாதிப் பேர் மஞ்சப்பையோடு வருகிறார்கள், பார்க்கவே அழகாக இருக்கிறது. மழை நாளில் மற்ற பிள்ளைகளையும் குடையில் சேர்த்துக் கூட்டிப் போகிறவர்களுக்குத் தனியாக நன்றி. சுற்றுவழி நீளம்தான் என்பது தெரியும், வாட்ச்மேன் அறையில் நான்கு பெரிய குடைகள் வாங்கி வைத்திருக்கிறோம், எடுத்துக்கொண்டு போய்த் திருப்பி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: அரங்கின் மேற்கு வாசலில் ஒரு ஜோடி நீலநிறச் சிறுவர் செருப்பு பத்து நாளாகக் கிடக்கிறது. கழற்றிவிட்டு உள்ளே போன அந்த நல்ல பிள்ளை யாரென்று தெரியவில்லை. அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளவும்.