அம்மாவின் டம்ளரில் தண்ணீர் குடித்த அக்காவுக்கு

எங்கள் குடியிருப்புக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்றுக் காலை அம்மா காசநோய்க்கான கடைசி மாத்திரையை விழுங்கினார். சளிப் பரிசோதனை முடிவும் நல்லபடியாக வந்துவிட்டது. இந்த 6 மாதத்துக் கதையை மறுபடி எழுதப்போவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும் கட்டடம் இது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

நான் எழுத வந்தது ஒரு டம்ளரைப் பற்றி.

காசநோய் என்று தெரிந்த அன்று மாலையே அம்மாவுக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் வாங்கி வந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே செய்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் அவற்றை ஜன்னலோரம் வைத்துக்கொண்டார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், மடையன்.

மாத்திரை கொடுக்க வரும் அக்கா முதல் வாரமே சொன்னார்: இருமும்போது காற்று வழியாகத்தான் இந்தக் கிருமி பரவும், தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வராது என்று. தலையாட்டினேன். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு மதியம். லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்கியபடி தண்ணீர் கேட்டார். நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஜன்னலோரம் இருந்த அம்மாவின் டம்ளரை எடுத்து, குடத்திலிருந்து தாமே நிரப்பி, வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். எதையும் விளக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. டம்ளரைக் கழுவி எங்கள் டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தார். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லிவிட்டு, மாத்திரை அட்டையை எண்ண உட்கார்ந்தார்.

அம்மா அன்று அழுதார். குமட்டலுக்கும் மூட்டு வலிக்கும் அழாதவர்.

குறைந்த வாடகைக் குடியிருப்புக்கு யார் யாரோ வருகிறார்கள். கையெழுத்து வாங்குவார்கள், குறிப்பெடுப்பார்கள், வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டவர் வேறு யாரும் என் நினைவில் இல்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. சிறுநீர் செந்நிறமாகப் போகும், அது மருந்தின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லி வைத்தவர். வீட்டில் இருந்த எங்கள் எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனவர். உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்தப் பார்த்த அம்மாவிடம், பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று அரை நாள் மல்லுக்கட்டியவர். பூஞ்சை பிடித்த சுவருக்காக மனு எழுதித் தந்தவர். சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் நன்றி.

எங்கள் படிக்கட்டில் இப்போது இரவில் இன்னொரு இருமல் கேட்கிறது. இரண்டு வாரம் தாண்டிவிட்டது. அந்தக் கதவு மூடியே இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். நாளை போய்த் தட்டுவேன், பரிசோதனைக்குக் கூடவே வருகிறேன் என்று சொல்வேன். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, உள்ளே போய் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்பேன்.