பை போதும், ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறக்கும் சமயம் வந்தால் எங்கள் மலேசியா, கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம் பள்ளிப் பை கொடுக்க வருபவர்களுக்குக் குறைச்சலே இல்லை. ஒரே பிள்ளைக்கு மூன்று பை கிடைத்த வீடுகூட உண்டு. பையைவிட அதற்குப் பின்னால் கட்டும் பேனர்தான் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிறது, அது வேறு கதை. கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் தாமான் (குடியிருப்பு) பாலாய் ராயாவில், அதாவது பொது மண்டபத்தில், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்காக நடக்கும் இலவச வகுப்புக்கு இப்போது தேவை சொல்லித்தர ஆள்தான்.

அதற்குத்தான் டியூஷன் இருக்கிறதே என்கிறார்கள் சிலர். டியூஷனுக்குக் காசு வேண்டும், ஏற்றி இறக்க வண்டியும் வேண்டும். தோட்டத்தில் (எஸ்டேட்டில்) குடியிருந்தவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா கொட்டகை இருந்தது, லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) யாராவது ஒரு பெரியவர் கண் வைத்திருப்பார். 1923 தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டியிருந்தது. பல இடங்களில் கிராணியோ (குமாஸ்தா) கங்காணியோதான் (மேற்பார்வையாளர்) வாத்தியார், தரம் சுமார்தான், இருந்தாலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கடமை யாரோ ஒருவர் தலையில் இருந்தது. தோட்டம் கைமாறி, மலிவு விலை வீடுகளுக்கு வந்த பிறகு அந்தக் கடமை யாருக்கும் இல்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைப் பக்கம் 12 மணி நேர ஷிப்ட். மதியம் பள்ளி விட்டு வரும் பிள்ளை இருட்டும் வரை கைப்பேசியும் தானுமாகக் கிடக்கிறது.

ரொம்பத் திண்டாடுவது படிவம் 1, அதாவது இடைநிலைப்பள்ளி முதல் வருடப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் கணக்கும் அறிவியலும் தமிழில் படித்துவிட்டுப் போனால் அங்கே எல்லாம் மலாய். போன வாரம் ஒரு பையன் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு ஒன்றை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். படிவம் 4 படிக்கும் பெண் ஒருத்தி கேள்வியை வரி வரியாக வாசிக்க வைத்து, "சரி, தொட்டியில முதல்ல எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு போச்சு?" என்றாள். அவ்வளவுதான், பின்னத்தைப் போட்டு மடமடவென்று விடையை எழுதிவிட்டான். பள்ளியில் அவனுக்குக் கணக்கு வராது என்று பெயர்! ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-லும் படிவம் 3 பிடி3 தேர்வு 2022-லும் போய்விட்டன. அந்த ரிசல்ட் வந்து வீட்டை உலுக்குவதும் நின்றுபோனது, படிவம் 5-இல் எஸ்பிஎம் தேர்வு நெருங்கும்போதுதான் பெற்றோருக்கு விஷயமே தெரிகிறது.

வகுப்பை இப்போது தாங்குவது ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் இந்த மாதிரி நாலைந்து பெரிய பிள்ளைகளும்தான். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியக்காரர் ஒருவரின் மகளும் வருகிறாள், மலாய்க் கட்டுரை என்றால் நம் பிள்ளைகள் அவளைத்தான் மொய்க்கிறார்கள். ஆனால் அடுத்த வருடம் அந்தப் பெரிய பிள்ளைகளுக்கே எஸ்பிஎம். அப்புறம் யார்?

ஓய்வில் இருக்கும் ஆசிரியர்கள், விடுமுறைக்கு வீடு வரும் பல்கலைக்கழகத் தம்பி தங்கைகள், வாரத்தில் ஒரு சாயங்காலம் வந்தால் போதும். முக்கியமாக மலாயில் கணக்குச் சொல்லித்தரத் தெரிந்தவர்கள். மூன்று மணிக்கு பாலாய் ராயா திறந்திருக்கும். பொன்னாடை, மேடை ஒன்றும் கிடையாது. தே ஓ (பால் இல்லாத தேநீர்) உண்டு, யாராவது வாங்கி வந்தால் பீசாங் கோரேங்கும் (வாழைப்பழப் பொரியல்) உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாடாங் செராய், கெடா