'சார்ஜென்ட் யார்க்' திரையிடப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய போர்ப்படங்களைத் திரையிடும் திரைப்படச் சங்கத்தாருக்கும், கல்லூரித் திரைப்பட மன்றங்களுக்கும், சபை வாலிபர் கூட்டங்களில் படம் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

விசுவாசம், வீரம், போர் மூன்றும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் முதலில் கைக்கு வருவது ஹோவர்ட் ஹாக்ஸ் 1941இல் இயக்கிய 'சார்ஜென்ட் யார்க்'தான். தாராளமாகப் போடுங்கள். கேரி கூப்பருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கித் தந்த படம்; படத்தொகுப்புக்கும் ஒரு ஆஸ்கர் உண்டு. எங்கள் மனக்குறை படத்தின் மேல் இல்லை, அதைப் போடும் முறையின் மேல்தான். "விசுவாச வீரன் ஒருவனின் உண்மைக் கதை" என்று இரண்டு நிமிட அறிமுகம், அப்புறம் படம், கைதட்டல், நன்றியுரை, தேநீர். இந்த வரிசையில் ஓட்டினால், படம் எந்த இடத்தில் தன் சொந்தக் கேள்வியிலிருந்து நழுவுகிறது என்பது அரங்கில் ஒருவர் கண்ணிலும் படாது.

அந்த இடம் இதுதான். டென்னசி மலைநாட்டு ஊரான பால் மாலைச் சேர்ந்த ஆல்வின் யார்க் குடித்தும் சண்டை போட்டும் திரிந்தவன். மனந்திரும்பி சபையில் சேர்கிறான். 1917இல் முதல் உலகப்போருக்காகக் கட்டாய ஆள்சேர்ப்பு வருகிறது. "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையைக் காட்டி விலக்குக் கேட்கிறான். அவன் சபை சிறியது, வேதாகமத்தைத் தவிரத் தனியாக எழுதிவைத்த கொள்கை எதுவும் அதற்குக் கிடையாது என்று சொல்லி மறுத்துவிடுகிறார்கள். பயிற்சி முகாமில் மேஜர் பக்ஸ்டன் அவன் கையில் அமெரிக்க வரலாற்று நூல் ஒன்றைக் கொடுத்து, யோசித்து வரச் சொல்லி விடுப்பில் அனுப்புகிறார். மலை விளிம்பில் நாயோடு உட்கார்ந்து ஒரு பக்கம் வரலாறு, ஒரு பக்கம் வேதாகமம் என்று மாறி மாறிப் படிக்கிறான். காற்று அடிக்கிறது. வேதாகமத்தின் தாள்கள் தாமாகப் புரண்டு ஒரு பக்கத்தில் நிற்கின்றன: "இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதை தேவனுக்கும் செலுத்துங்கள்." (இராயன் என்றால் ரோமப் பேரரசன்.) முடிந்தது. மாக்ஸ் ஸ்டைனரின் இசை எழும்புகிறது, யார்க் முகாமுக்குத் திரும்புகிறான்.

ஒரு மனிதன் கொல்லலாமா கூடாதா என்ற கேள்வியை இந்தப் படம் காற்றின் கையில் விட்டுவிட்டது. எதை இராயனுக்குக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதுதானே அவனுடைய சிக்கலே? அந்த வசனம் கேள்வியைத் திரும்பச் சொல்கிறதே ஒழியப் பதில் சொல்லவில்லை. ஆனால் இசையும் மலையும் கூப்பரின் முகமும் சேர்ந்து, பதில் கிடைத்துவிட்டதாக நம்மை நம்பவைத்துவிடுகின்றன.

நடந்தது இதைவிடக் கனமானது. பக்ஸ்டனும் கேப்டன் டான்ஃபோர்த்தும் யார்க்கோடு உட்கார்ந்து வேதாகமத்தை வைத்தே வாதாடினார்கள். பட்டயம் இல்லாதவன் வஸ்திரத்தை விற்று ஒன்றைக் கொள்ளக்கடவன் என்ற லூக்கா 22:36 வந்தது. எசேக்கியேல் 33 வந்தது: பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடம் இரத்தப்பழி கேட்கப்படும் என்ற பகுதி. யார்க் அதன்பின் ஊருக்குப் போய் மலையில் தனியே ஜெபித்து, போகலாம் என்ற நிச்சயத்தோடு திரும்பினான். அந்த முடிவோடு நீங்கள் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் வாதமும் உண்டு, எதிர்வாதமும் உண்டு. படத்தில் அதிகாரிகளோடு பேசும் காட்சி இருந்தாலும் எடை முழுவதும் வரலாற்று நூலின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எசேக்கியேலின் காவற்காரனுக்கு அங்கே இடமில்லை.

மனந்திரும்புதலிலும் இதே கதைதான். படத்தில் மழை இரவில் பழிவாங்கப் போகும் வழியில் மின்னல் தாக்கி, துப்பாக்கி கருகி, யார்க் கோயிலுக்குள் நுழைகிறான், உள்ளே பாட்டு. உண்மையில் மின்னல் எதுவும் இல்லை. எழுப்புதல் கூட்டங்களுக்குப் போய்வந்து, 1915 சனவரி முதல் நாள் அவன் மனம் மாறியது. மின்னல் சினிமாவுக்கு வசதி, அதில் தப்பில்லை. ஆனால் ஒரே படத்தில் மனம் மாற ஒரு மின்னல், கொள்கை மாற ஒரு காற்று என்று இரண்டு தடவையும் வானம் வந்து உதவினால், விசுவாசம் என்பது தலையில் விழுவது, மனிதன் உழைத்துத் தேடுவதல்ல என்ற எண்ணம் பார்ப்பவருக்குள் படிந்துவிடும். வாலிபர் கூட்டங்களில் போடுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

படம் 134 நிமிடம். அறிமுகம், இடைவேளை, கலந்துரையாடல் எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்கு அரங்கை எடுங்கள். மூன்று மணிதான் கிடைக்கும் என்றால் அறிமுகத்தை வெட்டுங்கள், கலந்துரையாடலைத் தொடாதீர்கள். போர்க்களத்துக்கு வந்து சேரவே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். "போர்ப்படம்" என்று மட்டும் விளம்பரம் செய்தால், உழவும் காதலும் பிரசங்கமுமாக ஓடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே கைப்பேசிகள் ஒளிரத் தொடங்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சட்டகம் பழைய சதுரவாக்கு. புரொஜெக்டரை அகலத்திரை அமைப்பிலேயே விட்டுவிட்டால் கூப்பரின் நீண்ட முகம் பூசணிக்காயாகிவிடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் சரி. ஒலி மோனோ, அதாவது ஒற்றைத்தடம். ஒலிபெருக்கி ஒரு பக்கம் மட்டும் பேசினால் இணைப்பைச் சரிபாருங்கள். ஒலி அளவைத் துப்பாக்கிச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். போதகர் பைல் தாழ்ந்த குரலில் யார்க்கிடம் பேசும் காட்சியை ஓட்டிப் பார்த்து, கடைசி வரிசையில் அது தெளிவாகக் கேட்கும் அளவில் நிறுத்துங்கள். சண்டைக்காக ஒலியைக் குறைத்து வைக்கிற அரங்குகளில் படத்தின் பாதி வாதம் முணுமுணுப்பாகப் போய்விடுகிறது. பேச்சு டென்னசி மலைவழக்கு, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே தடுமாறுவார்கள், துணைத்தலைப்பு கட்டாயம். தானியங்கித் துணைத்தலைப்பை நம்ப வேண்டாம், மலைவழக்கில் அது உளறும். வசனங்களைத் தமிழில் ஒரு அரைத்தாளில் அச்சிட்டுக் கொடுங்கள்: யாத்திராகமம் 20:13, மத்தேயு 22:21, லூக்கா 22:36, எசேக்கியேல் 33:1-6. முதல் இரண்டும் படத்தைப் பின்தொடர. மற்ற இரண்டும் படம் விட்டுவிட்டதைப் பேச.

இடைவேளையை நேரம் பார்த்து விடாதீர்கள். யார்க் வரலாற்று நூலோடு விடுப்பில் கிளம்பும் இடத்தில், மலைக்காட்சி தொடங்கும் முன் நிறுத்துங்கள். சரிபாதியில் வராது, பரவாயில்லை. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இவன் திரும்பி வந்து என்ன சொல்வான், எதனால்?" பெயர் வேண்டாம். சீட்டுகளை வாங்கிவைத்துக்கொண்டு படத்தைத் தொடருங்கள். காற்று அடித்தபின் பார்வையாளர்கள் எழுதும் காரணமும் அதற்கு முன் எழுதும் காரணமும் ஒன்றாக இருக்காது. பின்னே கேட்டால் படம் தந்த பதிலைத்தான் தருவார்கள். முன்பே எழுதி வாங்கினால், அவர்களே யோசித்த காரணங்களைப் படத்தின் காரணத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து, சிரிப்பு. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துப்பாக்கியின் முன்குறியை ஈரமாக்கிக்கொள்வது யார்க்கின் பழக்கம் என்று படம் ஊர்ப்போட்டியிலேயே காட்டிவிடுகிறது. வான்கோழி போலக் கொக்கரித்தால் மறைந்திருக்கும் பறவை தலைதூக்கும் என்பதும் அங்கேதான் நமக்குத் தெரிகிறது. பிரான்சில், ஜெர்மன் இயந்திரத்துப்பாக்கிகளுக்கு எதிரே, அதே விரல், அதே ஈரம், அதே கொக்கரிப்பு. பதுங்குகுழியிலிருந்து ஒரு தலை எழும்புகிறது, சுடுகிறான். அரங்கில் கட்டாயம் சிரிப்பு வரும். முதல் பாதியில் நட்ட விதை முளைக்கும்போது வரும் சிரிப்பு அது, திரைக்கதைத் திறமை. பார்வையாளரை அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள், கடிந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். கலந்துரையாடலில் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மறுபடி ஓட்டிவிட்டு, "கொல்லக் கூடாது என்றவன் கொல்லும் நேரத்தில் படம் நம்மை ஏன் சிரிக்க வைக்கிறது?" என்று கேளுங்கள். மறுநாள் களத்தில் பக்ஸ்டன் விசாரிக்கும் காட்சியையும் உடனே சேர்த்து ஓட்டுங்கள். அந்தத் துப்பாக்கிகள் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தன, அதை நிறுத்தத்தான் சுட்டேன் என்கிறான் யார்க். எங்கள் கணிப்பில் படத்திலேயே நேர்மையான காட்சி அது. காற்று தராத பதில் அங்கேதான் வருகிறது, அதுவும் தயங்கித் தயங்கி. கைதட்டலின் அலையில் பலருக்கு அது காதில் விழுவதே இல்லை.

எண்களைச் சரியாகச் சொல்லுங்கள். 1918 அக்டோபர் 8, ஆர்கோன் காடு, ஷாடெல்-ஷெஹெரிக்கு அருகே. பின்புறமாகச் சுற்றிச் சென்றவர்கள் 17 பேர். தலைவர் சார்ஜென்ட் பெர்னார்டு எர்லி, யார்க் அப்போது கார்ப்பரல். 6 பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் யார்க்கின் நண்பர் மரே சாவேஜ். எர்லி உட்பட 3 பேர் காயம்பட்டார்கள். மீதி இருந்தவர்களில் யார்க் பொறுப்பேற்றார். திரும்பிவந்தபோது கைதிகள் 132 பேர். "தனியாளாக 132 பேரைப் பிடித்தார்" என்று துண்டறிக்கையில் எழுதினால் பிழை. கூட இருந்தவர்கள் பிற்காலத்தில் தங்கள் பங்கு மறைக்கப்பட்டதாகக் குறைப்பட்டார்கள். எர்லிக்குப் பதக்கம் 1929இல்தான் வந்தது. இதைச் சொன்னால் யார்க்கின் துணிவு குறைந்துவிடாது. மற்ற 16 பேரும் திரைக்குள் வருவார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. துப்பாக்கி தெரிந்தவர் ஒருவர் அரங்கில் எப்படியும் இருப்பார். கூப்பர் கையில் ஜெர்மன் லூகர் இருக்கிறதே, யார்க் வைத்திருந்தது கோல்ட் .45 ஆயிற்றே என்று எழுவார். அவர் சொல்வது சரி. வெற்றுத் தோட்டாவில் கோல்ட் ஒழுங்காக இயங்காததால் மாற்றினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லி நகருங்கள், இல்லாவிட்டால் மிச்ச நேரம் முழுக்க ஆயுதக் கண்காட்சிதான். அதேபோல ஒலிவாங்கியை முதலில் போதகரிடமோ ஓய்வுபெற்ற ராணுவத்தாரிடமோ கொடுக்காதீர்கள். மரியாதைக்குரியவர்கள்தான். அதனாலேயே, அவர்கள் பேசியபின் மாற்றுக்கருத்தைச் சொல்ல இளையவர்கள் கூசுவார்கள். கடைசியில் பேச அழையுங்கள்.

படம் எப்போது வந்தது என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். 1941 சூலையில் நியூயார்க்கில் வெளியானபோது அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியிருக்கவில்லை. இறங்கலாமா என்ற சண்டை நாடு முழுக்க நடந்துகொண்டிருந்தது. யார்க்கே மேடையேறி ஒதுங்கியிருப்போரைச் சாடிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் செனட் துணைக்குழு ஒன்று ஹாலிவுட் போர்ப்பிரசாரம் செய்கிறதா என்று விசாரித்தது. பட்டியலில் இந்தப் படமும் இருந்தது. படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனத்தின் தலைவர் ஹாரி வார்னர் நேரில் வந்து, படம் உண்மையைத்தான் சொல்கிறது என்று வாதாடினார். டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் விசாரணைக்கு வேலையில்லாமல் போயிற்று. இப்போது அந்த மலைக்காட்சியை நினைத்துப் பாருங்கள். போருக்குப் போகலாமா என்று தயங்கிய நாட்டுக்கு முன்னால், போருக்குப் போகலாமா என்று தயங்கிய மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தி, காற்றடித்துத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிக வசூல் ஈட்டிய படம் இதுதான்.

முடிவுக்காட்சியில் டென்னசி மக்கள் பரிசளித்த நிலமும் வீடும் வருகின்றன. அதன் பின்கதையும் அரைத்தாளில் இடம்பெறட்டும். நிலம் வாங்கத் திரட்டிய நன்கொடை போதாமல் யார்க் கடனில் விழுந்தார். படமெடுக்க இருபது ஆண்டு மறுத்துவந்தவர், வேதாகமப் பள்ளி கட்டப் பணம் வேண்டும் என்பதற்காகவே சம்மதித்தார். அந்த வருமானத்தின் மேல் வரி பாக்கி என்று அரசு கேட்டது. வட்டியோடு அது ஒரு லட்சத்து எழுபதாயிரம் டாலரைத் தாண்டியது. 1961இல் 25,000 டாலருக்குத் தீர்த்துக்கொள்ள வரித்துறை இணங்கியது. அதையும் மக்கள்தான் நன்கொடை திரட்டிக் கட்டினார்கள். 1964இல் யார்க் இறந்தார்.

இரண்டாவது படம் கேட்பவர்களுக்கு 'ஸூலூ' (1964) பொருத்தம். 1879 சனவரியில் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் இருந்த பிரிட்டிஷ் படையை ஸூலூ வீரர்கள் சூழ்ந்த முற்றுகை, 11 விக்டோரியா சிலுவைகள் (பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கம்). யார்க் படம் விசுவாசத்தை மின்னலாக்கியது என்றால், இது அதைக் குடிகாரப் போதகர் ஒருவரின் புலம்பலாக்கியது. அங்கிருந்த மிஷனரி விட் உண்மையில் இளம் குடும்பஸ்தர், சண்டைக்கு முன்பே கிளம்பிவிட்டார். முற்றுகை முழுக்கத் தோட்டா பங்கிட்டுக்கொண்டிருந்த குருவானவர் ஜார்ஜ் ஸ்மித் படத்திலேயே இல்லை. குடிக்காத படைவீரர் ஹென்றி ஹூக்கைக் குடிகாரச் சோம்பேறியாகக் காட்டினார்கள். எதிரும் புதிருமாகப் பாடும் காட்சிக்கும் கடைசியில் ஸூலூ வீரர்கள் செய்யும் வணக்கத்துக்கும் வரலாற்றில் ஆதாரமில்லை, ஆனால் அரங்கில் புல்லரிப்பது அங்கேதான். இரண்டு படங்களையும் ஒரே நாளில் போடாதீர்கள். இதுவும் 138 நிமிடம், இரண்டாவதற்குப் பேச ஆள் மிஞ்ச மாட்டார்கள். ஒரு வார இடைவெளி விடுங்கள். முதல் வாரத் துண்டுச்சீட்டுகளை அன்று அரங்க வாசலில் ஒட்டிவையுங்கள். துண்டறிக்கையில் "உண்மைக் கதை" என்ற சொற்களை அடித்துவிட்டு, "உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது" என்று போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய போர்ப்படங்களைத் திரையிட்டும் பேசியும் வரும் சிலர்