கியர் பாக்ஸ் மேல் பழி போடுவதற்கு முன்

வேளச்சேரி,
சென்னை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்கு வேலை கிடைத்த சேதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் தொட்டிலில் கிடந்தபோது திருச்சிக்கு வந்து பார்த்ததை இன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைத் தானே எழுத்துக் கூட்டாமல் படிக்கிறாள்.

கடைசிப் பத்திக்கு வந்ததும்தான் மனசு கேட்கவில்லை. ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸ் போய்விட்டது என்கிறார்கள், வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. காலையில் ஒழுங்காக ஓடுவது, வெயில் ஏறியதும் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொள்வது, இன்ஜின் விளக்கு எரிவது, நிறுத்தி ஆறவைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்புவது, இத்தனையும் போன கோடையில் என் வண்டிக்கு வந்தவைதான். எனக்கும் முதலில் போன இடத்தில் வண்டியைத் திறக்காமலேயே புது கியர் பாக்ஸுக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். கடைசியில் மாற்றியது டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூலை மட்டும்தான். கியர் பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

அந்த மாட்யூல் ஒரு சின்ன கம்ப்யூட்டர். கியர் பாக்ஸுக்குள் சுற்றும் தண்டுகளின் வேகம், ஆயிலின் சூடு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறாய், லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சென்சார்கள் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சோலினாய்டுகளுக்கு, அதாவது ஆயில் போகும் வழியைத் திறந்து மூடும் மின் வால்வுகளுக்கு, கரண்ட் விட்டு கியரை மாற்றுகிறது. ஏதாவது பிசகு என்று பட்டால் சோலினாய்டுகளுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். அப்போது ஆயில் அழுத்தம் மட்டும் ஒரே ஒரு கியரைப் பிடித்துவைக்கும். 'லிம்ப் மோடு' என்கிறார்களே, அது இதுதான். நடுரோட்டில் நிற்காமல் மெதுவாக வீடு போய்ச் சேரட்டும் என்று கம்பெனிக்காரனே வைத்த ஏற்பாடு. மூன்றாவது கியரில் நின்றுவிட்டதாலேயே உள்ளே பல்சக்கரம் உடைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

சைதாப்பேட்டையில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் வேலை செய்த விதத்தை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அந்த நிதானத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று நினைக்கிறேன். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டதும் பி0700 என்ற குறியீடு வந்தது. அது காலிங் பெல் மாதிரி, யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லுமே தவிர யார் என்று சொல்லாது. கூடவே யு0101 இருந்தது, அதாவது மாட்யூலோடு பேச்சு அறுந்துபோயிருக்கிறது. இந்த இரண்டையும் பார்த்த உடனே மாட்யூலை மாற்றச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர் சொல்லவில்லை. மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14க்குப் பக்கம். எர்த் வயரில் வோல்டேஜ் இழப்பு 0.1க்கும் கீழே. ஸ்டீயரிங் அடியில் ஸ்கேனர் சொருகும் சாக்கெட்டில் 6, 14 ஆகிய இரண்டு பின்களுக்கு நடுவே, பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் வரவேண்டும். மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடியின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பதால் வரும் கணக்கு அது. சரியாக 60 காட்டியது. ஆக அதுவரை வயரிங்கில் குறை எதுவும் தெரியவில்லை.

பிறகு மாட்யூலில் வயர்கள் சொருகும் கப்ளரைக் கழற்றி ஒவ்வொரு பின்னையும் டார்ச் அடித்துப் பார்த்தார். நம் ஊர் மழைத் தண்ணீர் முதலில் கைவைக்கும் இடம் அது. பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடும். இதில் அதுவும் இல்லை. கடைசியாக வண்டியை ஓடவிட்டு, மாட்யூல் மேல் ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டினார். சற்று நேரத்தில் ஸ்கேனரில் மாட்யூல் காணாமல் போனது. அந்த நொடியிலேயே பின்னில் அளந்தார்: கரண்டும் வந்துகொண்டிருந்தது, எர்த்தும் இருந்தது. சாப்பாடு போட்டும் பேசவில்லை என்றால் குற்றம் உள்ளேதான் என்றார். உள்ளே ஈயம் வைத்த இடத்தில் விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் மட்டும் வந்த தொந்தரவுக்கு அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும், போய்ப் பார்த்தேன். லேபிளில் இருக்கும் பார்ட் நம்பர் எழுத்து மாறாமல் பொருந்தினாலும், உள்ளே பழைய வண்டியின் சேஸி நம்பரும் அதன் சாஃப்ட்வேரும் இருக்கும். அதை நம் வண்டிக்கு மாற்றி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். சில மாடல்களில் அது முடியவே முடியாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து கழற்றியதா என்று வெளியே பார்த்துச் சொல்லவும் வழியில்லை. அதனால் புதிதாகவே வாங்கினேன். விலை கூடத்தான், ஆனால் கியர் பாக்ஸுக்குச் சொன்ன தொகையில் சிறு பங்குதான்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உடம்பில் இருக்கும் மின்னேற்றம் இறங்க வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு, கப்ளரின் லாக்கைத் தூக்கி எடுத்து மாற்றவேண்டும். பார்த்துச் செய்யவேண்டியது அதற்கப்புறம். புது மாட்யூலுக்கு ப்ரோக்ராம் ஏற்றும்போது வோல்டேஜ் விழுந்தால் வாங்கிய மாட்யூலே வீணாகப் போகலாம். அவர் பேட்டரியோடு சார்ஜரை இணைத்த பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தார். உன் ஆளிடம் அந்த சார்ஜர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேள். இல்லை என்றால் அவரிடம் கொடுக்காதே.

பழைய மாட்யூல் இத்தனை வருஷம் கற்றுவைத்த பழக்கம் புதியதுக்குத் தெரியாது. ஆயில் சூடேறிய பிறகு, மிதமாக மிதித்து எல்லா கியரையும் ஏறி இறங்கி, முழுசாக நிறுத்தி மறுபடி கிளம்பவேண்டும். நெரிசல் இல்லாத விடியற்காலையில் ஓ.எம்.ஆரில் சோழிங்கநல்லூர் தாண்டிப் போய் அதைச் செய்தோம். முதலில் கியர் விழும்போது ஒரு இடி இருந்தது, ஓட ஓட மெதுவானது. இந்த மே மாத வெயிலிலும் ஒரு தடவைகூட கியர் மாட்டிக்கொள்ளவில்லை.

உன் வண்டிக்கும் இதேதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. சோலினாய்டாக இருக்கலாம், வயராக இருக்கலாம், ஏன், கியர் பாக்ஸாகவே இருக்கலாம். அளந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. தண்ணீர் பீய்ச்சி இன்ஜின் பக்கம் கழுவுகிறாயா? அதை இன்றோடு நிறுத்து.

ஸ்கேனர் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பு, அவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்