முழுப் படத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பழைய ஜெர்மானிய பென்சில் ஓவியத்தில் துறவியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாகப் போட்டுவிட்டீர்கள், அவரைச் சுற்றியிருந்த மலையும் மரங்களும் போயே போய்விட்டன. இது சரியில்லை. இயற்கையையும் உணர்ச்சியையும் போற்றிய ரொமாண்டிக் காலத்து ஓவியர்களுக்கு நிலக்காட்சி வெறும் பின்னணி கிடையாது. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1808-10இல் தீட்டிய ‘கடலோரத் துறவி’யைப் பாருங்கள், சுமார் 170 செ.மீ. அகலத் துணியில் துறவி சின்னஞ்சிறு உருவம்தான், மீதியெல்லாம் வானமும் கடலும்; முதலில் வரைந்திருந்த கப்பல்களைக்கூட அவர் அழித்துவிட்டார்.

பென்சில் என்றால் இன்னும் நுணுக்கம். கிராஃபைட் தூளில் களிமண் கலந்து சுடும் முறைக்கு பிரான்சின் கோன்டே 1795இல் காப்புரிமை வாங்கினார், களிமண் கூடினால் பென்சில் கடினமாகும். 1810இல் வியன்னாவிலிருந்து ரோமுக்குப் போய் ஒரு பழைய மடத்தில் தங்கி, சமய ஓவியமே கதி என்றிருந்த நசரேனியர்கள் என்ற ஜெர்மன் மொழி பேசும் ஓவியர் குழுவினர், கூராகச் சீவிய கடினப் பென்சிலால் இலை இலையாக வரைந்தவர்கள். அப்படிப்பட்ட கோடுகள் உங்கள் அச்சில் கறுத்து அப்பிக் கிடக்கின்றன.

ஏற்காட்டில் சேர்வராயனைக் கும்பிட மலையுச்சிக்குப் போகிறவர்கள் குகைக்குள் இருக்கும் சாமியை மட்டுமா பார்க்கிறார்கள்? அந்த வெட்டவெளி, காற்று எல்லாம் சேர்ந்துதானே கோயில்! இங்கே படம் வரையப் பழகும் பிள்ளைகளுக்காகவாவது முழு ஓவியத்தையும், வரைந்தவர் பெயர், அளவு, இருக்கும் அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்து, நல்ல தாளில் மறுபடி போடுங்கள்.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்