பிரிஸ்டலிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பத்தா வீட்டுச் சாமான்களை எல்லாம் சித்தப்பா எடைக்குப் போடப் போகிறார் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. போனில் பேசினால் பாதியில் விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்குப் பதில். வேளைக்குச் சாப்பிடுகிறேன். புளி, நல்லெண்ணெய், இட்லி அரிசி எல்லாம் ஈஸ்டன் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிறது. குளிர்தான் எலும்பு வரை இறங்குகிறது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஓவர்டைம் இப்போது அவ்வளவாக இல்லை, ஓய்வு கிடைப்பதும் நல்லதுதான். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, ஹீட்டர் போடாமல் வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பவர். அவருடைய அப்பா இறந்த பிறகு நிலவறையைக் காலி பண்ண என்னைக் கூப்பிட்டார். உள்ளே பழைய போர்ட் ஒயின் பாட்டில்கள். முகம் சுளிக்காதே, கேள். போர்ச்சுகலில் டூரோ ஆற்றங்கரைத் திராட்சையில் செய்வது. சாறு நொதிக்கும்போதே பாதியில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். அதனால் இனிப்பும் தங்கிவிடுகிறது, சாராயச் சத்தும் 20 சதவீதம் வரை ஏறிவிடுகிறது. பிள்ளை பிறந்த வருடத்து ஒயினை வாங்கி, அது ஆளாகும்வரை படுக்கவைத்திருப்பது இங்கே வசதியான வீடுகளில் பழைய வழக்கம். இந்த அம்மா பிறந்தது 1963. அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த போர்ட் வருடங்களில் அதுவும் ஒன்றாம்.

ஏலக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். தங்க எழுத்துப் போட்ட மரப்பெட்டியில், சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில், "20 வருடம்" என்று எழுதிய பாட்டில்கள் நின்றுகொண்டிருந்தன. அந்த அம்மா அவற்றைத்தான் பெரிதாக நினைத்திருந்தார். ஏலக்காரர் ஒரு பார்வையோடு ஒதுக்கிவிட்டார். அது டானி வகை, பீப்பாயிலேயே முதிர்ந்துவிடும், பாட்டிலில் அடைத்த பிறகு எத்தனை வருடம் வைத்தாலும் மேலே வளராது. போதாக்குறைக்கு நிற்கவைத்து, சூட்டில் தக்கையும் காய்ந்துபோயிருந்தது.

நிலவறையில் இருந்தவற்றுக்கு லேபிளே இல்லை, ஈரத்தில் உளுத்து உதிர்ந்துவிட்டது. போர்ச்சுகல் அரசு முத்திரைச் சீட்டும் கழுத்தில் இல்லை. போலியோ என்று அந்த அம்மா பயந்தார். அப்படி இல்லையாம். 1970களின் நடுப்பகுதி வரை பீப்பாயாகவே கப்பலில் வரவழைத்து, பிரிஸ்டல், லண்டன் வியாபாரிகளே பாட்டிலில் அடைப்பார்களாம். இது வின்டேஜ் வகை, இரண்டு மூன்று வருடத்தில் பீப்பாயை விட்டு வந்துவிடும், மீதி வளர்ச்சியெல்லாம் கண்ணாடிக்குள்தான். பாட்டிலின் ஒரு பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் தீற்றியிருந்தது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கு அடையாளம் அது, இடம் மாற்றினாலும் அடிவண்டல் கலங்காமல் அதே பக்கம் படியவேண்டும் என்பதற்காக. டார்ச்சைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்து, ஒயின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். கழுத்துவரை நின்றவை ஒரு பக்கம், தோள்வரை இறங்கியவை இன்னொரு பக்கம். அப்புறம் மேல்மூடியைக் கொஞ்சம் கீறிவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தால், தக்கையில் கம்பெனிப் பெயரும் 1963-ம் சூடு போட்டிருந்தது! கழுத்துவரை இருந்தவை ஒவ்வொன்றும் நூறு பவுண்டுக்கு மேல் போகும் என்றார். மரப்பெட்டி பாட்டில்களுக்குக் கடையில் புதிது வாங்கும் விலைகூடக் கிடைக்காதாம்.

அந்த அறையின் வாசனை அப்பத்தாவின் சாமான் அறை மாதிரியே இருந்தது, அக்கா. ஈர மண், பழைய மரம், எப்போதோ சிந்திய இனிப்பு. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டேன். அப்பத்தா இடுப்புச் சாவியோடு முன்னால் போவதும், நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் போவதும் கண்ணில் வந்துவிட்டது. அவர் செத்ததற்கு நான் வரவில்லை. வீடும் கைமாறிப் போனால் நான் வந்து பார்க்க என்ன இருக்கும்?

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாமானும் எடைக்குப் போகக்கூடாது. மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார். பித்தளை வேறு, வெண்கலம் வேறு, தனித்தனியாக வை. உருளியின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும், அதைக் குறித்துக்கொள். எனாமல் தூக்குகளின் அடியில் முத்திரை இருக்கிறதா பார். புளி போட்டுத் தேய்க்காதே, பழசு பழசாகவே இருக்கட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, இரண்டு மூன்று கடையில் கேட்ட பிறகு பேசலாம். ஈயச் செம்பை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதே, எனக்கு வேண்டும்.

பாகப் பத்திரத்தில் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால், நான் அவரிடம் பேசும்வரை அம்மாவைப் போட விடாதே. சின்னவன் பரீட்சைப் பணம் கடைசி நாள் எப்போது என்று எழுது. முதலில் அதை அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி