இரண்டாவது கொக்கி

அன்பு மகளுக்கு,

இரண்டு மாதம் கழித்து உன்னிடமிருந்து ஒரு வரி: "அப்பா, படகுக்கு எந்த ஆட்டோபைலட் போடலாம்?" கூடவே காக்பிட்டின் படம் ஒன்று. அந்த ஒரு வரியை அம்மா என்னை நாலு தடவை வாசிக்கச் சொன்னாள்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். டில்லர், அதாவது சுக்கானைத் திருப்பும் கைக்கட்டை, வைத்த சின்னப் படகுக்கு, அதைத் தானே தள்ளி இழுத்துத் திசை பிடிக்கும் தண்டு வகை ஆட்டோபைலட்டே போதும். ஆனால் படகின் எடையைக் கம்பெனித் தாளில் பார்க்காதே, அது வெறும் படகின் எடை. தண்ணீர், டீசல், நங்கூரச் சங்கிலி, உன் புத்தக மூட்டை எல்லாவற்றையும் கூட்டு. அதற்கு மேல் 20 சதவீதம் சேர். ரேமரைன் கம்பெனியின் மாடல்களில் எஸ்டி 1000 தாங்குவது 3000 கிலோ, எஸ்டி 2000 தாங்குவது 4500 கிலோ. உன் கணக்கு சின்னதற்குள் அடங்கினாலும் பெரியதையே வாங்கு. பின்னாலிருந்து அலை தள்ளும்போதுதான் அதன் அருமை தெரியும். அப்புறம், அது ஓடும்போது, உன்னைப் படகோடு கட்டிவைக்கும் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டாமல் மேலே வராதே.

பொருத்துவதில் அவசரப்படாதே. சுக்கான் அச்சிலிருந்து டில்லரில் 460 மில்லிமீட்டர் அளந்து, தண்டின் முனை மாட்டும் ஊசியைப் போடு. அங்கிருந்து பக்கவாட்டில் 589 மில்லிமீட்டரில், இருக்கையின் மேல், தண்டின் மறுமுனை உட்காரும் குழி வர வேண்டும். டில்லர் நடுவில் நிற்கும்போது தண்டு அதற்குச் செங்கோணமாக, மட்டமாக இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் பலகைத் துண்டு ஒன்றை எபாக்ஸிப் பசையால் ஒட்டி, இறுகிய பிறகு துளை போடு. வெறும் ஃபைபரில் போட்டால் ஆடி ஆடிக் குழி பெரிதாகிவிடும். மின்சாரத்துக்குத் தனி ஃபியூஸ், தடித்த வயர். சராசரி 1 ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி. உன் 70 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம்.

தண்டுக்குள்ளேயே திசைகாட்டி இருக்கிறது. காந்தம் எதுவும் ஒரு மீட்டருக்குள் வரக் கூடாது. படத்தில் அந்த ஸ்பீக்கர் மிகவும் பக்கத்தில் தெரிகிறது. அதை மாட்டியது யார் என்று எனக்குத் தெரியும். கழற்ற மனம் வராவிட்டால் தள்ளியாவது மாட்டு.

படகின் பாய் சரியாக இல்லாவிட்டால் எந்தக் கருவியும் திணறும். தனியாளாக எங்கும் நிற்காமல் பாய்ப்படகில் உலகைச் சுற்றிய முதல் ஆள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன்; அவருடைய தானியங்கிச் சுக்கான் பாதி உலகம் சுற்றும் முன்பே கெட்டது. பாயையே சமன்படுத்தி ஓட்டி, 1969-இல் வீடு வந்து சேர்ந்தார். அந்தக் கைப்பக்குவம் உனக்கும் உண்டு. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாய், அதை உன்னிடம் சொன்னதில்லை.

ஆனால் பெல்ட். ஆள் டில்லரைப் பிடித்திருந்து கை விட்டால் படகு பெரும்பாலும் காற்றை நோக்கித் திரும்பி வேகம் குறையும். கருவி பிடித்திருந்தால், நீ தண்ணீரில் விழுந்தாலும் அது உன்னை விட்டுவிட்டு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். மீன்போல நீந்துவாய், தெரியும். அந்தப் படகைப் பிடிக்க முடியாது.

12 வயதில் நீ ராத்திரி முழுக்க டில்லர் பிடித்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். உன்னை நம்பித் தூங்கினேன் என்பேன். அது பொய். கால் மணி நேரம் என்று படுத்தேன், குமட்டல். நீ "அப்பா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. இரண்டு தடவை. எழுந்திருக்கவில்லை. விடிந்து மேலே வந்தபோது உன் விரல்கள் டில்லரில் மடங்கியபடியே விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பிரித்துவிட்டு, "பத்து டிகிரி விலகிவிட்டாய்" என்றேன். அன்று உனக்கு பெல்ட்டும் மாட்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு நீ எதற்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. தனியாகச் சமாளிக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இந்த இரண்டு மாதமும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

படத்தில் படிக்கட்டுப் பக்கம் இரண்டு கொக்கி இருக்கிறது. ஒரு மேலங்கிதான் தொங்குகிறது. நான் எதையும் கேட்கவில்லை. காலியாக இருக்கும் கொக்கியில் பெல்ட்டை மாட்டிவை. வெளியே வரும்போது கைக்கு முதலில் அதுதான் அகப்பட வேண்டும்.

குழி போடும் நாளைச் சொல். 589 மில்லிமீட்டரை அளக்க டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். நான் வருகிறேன்.

அப்பா